குடிக்காமலே குடியை விட்டவர்

கரட்டுவலசு கருப்பண்ணன் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கள்ளை வாயில் வைத்தார். மீசை அரும்பாத வயசு. தாய்மாமன் விளையாட்டாக மொந்தையை நீட்ட, ஒரு வாய் குடித்து, குடித்த வேகத்திலேயே மாமன் மடியில் வாந்தி எடுத்தார். அதோடு சரி. அதற்கப்புறம் கள்ளுக்கடைப் பக்கமிருந்து காற்று வீசினாலே மூக்கைப் பொத்திக்கொள்வார். அப்பேர்ப்பட்ட மனிதர் 1938-ஆம் வருஷம் திருச்செங்கோட்டு வட்டாரத்திலேயே பேர்போன குடிகாரர் ஆனார். எப்படி ஆனார் என்று கேட்டால், கதை வேடிக்கையானது. வேடிக்கை மட்டுந்தான் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை.

கரட்டுவலசு, மல்லசமுத்திரத்திலிருந்து திருச்செங்கோடு போகிற ரோட்டில் இருந்த சின்ன ஊர். ஊர் முழுக்க உள்ளே தள்ளி இருக்க, கருப்பண்ணன் வீடு மட்டும் ரோட்டைத் தொட்டாற்போல இருந்தது. கொஞ்சம் கடலைக்காடு, ஒரு கிணறு, ஒரு ஜோடி மாடு, ஒரு வண்டி, மனைவி சாலம்மாள், கல்யாண வயசில் ஒரே மகள் மாரக்காள். இவ்வளவுதான் அவர் சொத்து. ஆனால் ஊரில் அவருக்கு இருந்த மதிப்பு பெரிது. அந்த மதிப்புக்கும் காரணம் அவருடைய குமட்டல்தான்.

சந்தை முடிந்து ஆண்கள் கள்ளுக்கடைக்குப் போகும்போது தங்கள் மாட்டைக் கருப்பண்ணன் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவர் அத்தனை மாடுகளையும் ஓட்டிவந்து அவரவர் கட்டுத்தறியில் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். பெண்கள் ஒப்படைத்தது வேறு. வீட்டிலிருந்தால் புருஷன் கள்ளுக்கு அடகு வைத்துவிடுவான் என்று பயந்து, பித்தளைக் குடம், அண்டா, தவலை எல்லாவற்றையும் சாலம்மாளிடம் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். நோம்பி, பண்டிகை என்று வந்தால் எடுத்துப் போவார்கள். பொங்கி முடித்ததும் புளிபோட்டுத் துலக்கித் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்கள். கருப்பண்ணன் வீட்டு அட்டாலியில், அதாவது பரணில், ஊர்ப் பித்தளை எல்லாம் வரிசையாக உட்கார்ந்து பளபளத்துக்கொண்டிருக்கும்.

1937 அக்டோபரில் சேலம் ஜில்லா பூராவும் கள்ளுக்கடை, சாராயக்கடை எல்லாவற்றையும் மூடினார்கள். பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். ஆனாலும் யாரும் ஓடிவந்து குடத்தைத் திருப்பி எடுக்கவில்லை. சர்க்கார் சாத்திய கதவைச் சர்க்காரே திறக்காது என்று என்ன நிச்சயம்? கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று விட்டுவைத்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அர்த்தநாரி வந்தார். திருச்செங்கோட்டுக்காரர், கட்சியில் அந்த வட்டாரத்துக்கு அவர்தான் எல்லாம். உப்புப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். அப்போது வாங்கிய தடியடியில் இடது காது கேட்காமல் போயிற்று. கட்சிப் பணத்தில் ஒரு வாய் காப்பி குடித்தார் என்று அவரைப் பிடிக்காதவர்கள்கூடச் சொன்னதில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்று பேர். தமக்காகப் பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொல்லியிருந்தால் இன்னும் சரியாக இருந்திருக்கும்.

மதுவிலக்கால் ஜனங்களுக்கு என்ன நன்மை வந்திருக்கிறது என்று பார்க்கச் சென்னையிலிருந்து சில பெரிய மனிதர்கள் மோட்டாரில் வந்தார்கள். அவர்களை ரங்கன் வீட்டுக்குக் கூட்டிப் போவதாகத்தான் அர்த்தநாரி நினைத்திருந்தார். ரங்கன், கருப்பண்ணனுக்குப் பங்காளி. ஊருக்கே தெரிந்த அசல் குடிகாரர். கடை மூடிய பிறகு அவர் வீட்டில் மூன்று வேளை அடுப்பு எரிந்தது. அவர் மனைவி ராமாயி முகத்தில் வீக்கம் வற்றியிருந்தது. காட்டுவதற்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. ஆனால் ரங்கன் வீடு பள்ளத்துக்கு அக்கட்டால, அந்தப் பக்கத்தில் இருந்தது. ஐப்பசி மழையில் பள்ளம் சேறாகிக் கிடந்தது. மோட்டார் இறங்காது, பூட்ஸ் போட்ட பெரிய மனிதர்களும் இறங்கமாட்டார்கள். போதாததற்கு ரங்கன் வாயில் வந்ததை அப்படியே சொல்லிவிடுகிற ஆள். அர்த்தநாரி இப்படியும் அப்படியும் பார்த்தார். ரோட்டோரத்தில் சுண்ணாம்பு அடித்த சுவரும் சாணி தெளித்த வாசலுமாக ஒரு வீடு இருந்தது. மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

வந்தவர்கள் அட்டாலியில் இருந்த பித்தளையைப் பார்த்து அசந்துபோனார்கள். அர்த்தநாரியிடம் இங்கிலீஷில் ஏதோ கேட்டார்கள். அவரும் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். குடி போனதும் குடும்பம் எப்படித் தழைத்திருக்கிறது என்று அவர்கள் பேசிக்கொண்டது அத்தனையும் ஊர்ப் பெண்கள் பயந்து ஒளித்துவைத்த பாத்திரங்களைப் பார்த்து. ஒரு வயசான கனவான் கருப்பண்ணன் கையைப் பிடித்து வெகுநேரம் குலுக்கினார். என்னவென்று தெரியாமல் இவரும் மரியாதைக்குச் சிரித்துவைத்தார்.

கருப்பண்ணனுக்கு ஒரு குணம். எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு விடமாட்டார். வீட்டுக்கு முன்னால் பஸ் ரிப்பேராகி நின்றால், டிரைவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து எந்தக் குழாய் எங்கே போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் எழுந்திருப்பார். அந்தக் கைகுலுக்கல் அவரை அரித்துக்கொண்டே இருந்தது. அடுத்த கூட்டத்தை அர்த்தநாரி கூட்டி வந்தபோது, அவர்கள் மோட்டாரில் ஏறிய பிறகு ஜிப்பாவைப் பிடித்து நிறுத்திக் கேட்டுவிட்டார். அர்த்தநாரி மறைக்கவில்லை.

"நீங்க பெரிய குடிகாரரா இருந்து திருந்துனதாச் சொன்னேனுங்கண்ணா."

"ஏந் தம்பி, நான் எப்பக் குடிச்சேன்?"

"நான் சொன்னதுல பொய் எங்கீங்க இருக்குது? ரங்கண்ணன் குடிச்சது நெசம். ராமாயக்கா அடி வாங்குனது நெசம். இப்ப அந்த ஊட்டுல மூணு வேளையும் அடுப்பு எரியறது நெசம். ஊடு மட்டுந்தான் மாறிப்போச்சு. மோட்டாரு பள்ளத்துல எறங்க மாட்டேங்குது, நான் என்ன பண்ணட்டுங்க?"

கருப்பண்ணன் யோசித்தார். உதடு கிழிந்து ரத்தம் வடிய, இடுப்பில் குடத்தோடு ராமாயி தம் வாசலில் வந்து நின்ற நாளெல்லாம் அவருக்கு ஞாபகம் இருந்தது. இப்போது அதே ராமாயி வழியில் பார்த்தால் நின்று பேசுகிறாள், சிரிக்கிறாள். நல்ல காரியத்துக்கு நம் வீட்டு வாசலை இரவல் கொடுத்ததாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். சாலம்மாளுக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"ஏனுங்க, இன்னைக்கு வந்த அந்தப் பட்டணத்தம்மா என்ர கன்னத்தைத் தடவித் தடவி அழுவறாங்க. நீங்க எப்ப என்னய அடிச்சீங்க? நான் அழுவறதா சிரிக்கறதான்னு தெரியாம நின்னேன்."

"நாலு பேருக்கு நல்லது நடக்குதில்ல, உடு புள்ள," என்றார் கருப்பண்ணன்.

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. வந்தவர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். குடித்தால் உடம்பு எப்படி இருக்கும், வீட்டுக்கு வந்ததும் என்ன செய்வாய் என்றெல்லாம் துருவினார்கள். கருப்பண்ணன் விழிப்பார், அர்த்தநாரியே பதிலும் சொல்லிக்கொள்வார். என்ன சொன்னீர்கள் என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டால் கருப்பண்ணனுக்குச் சப்பென்று இருக்கும். இந்த மனிதருக்கும் குடியைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்று தோன்றும். தாம் என்னவாக இருந்ததாகச் சொல்லப்படுகிறதோ, அது எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஒருநாள் பள்ளத்தைத் தாண்டி ரங்கனைத் தேடிப் போனார். ரங்கன் கிணற்று மேட்டில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"ஏப்பா ரங்கா, குடிச்சா எப்படி இருக்கும்?"

"கடையைச் சாத்துன பொறவு வந்து கேக்கறயே கருப்பா. அப்பவே கேட்டிருந்தா ஒரு மொந்தை வாங்கிக் குடுத்திருப்பேன்."

கருப்பண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். ரங்கன் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"என்ர கதையை நீ சொல்லீட்டு இருக்கறயா? அப்படீன்னா ஒழுங்காச் சொல்லு. அரைகொறையாச் சொல்லி என்ர மானத்தை வாங்காத."

பிறகு அவரே சொன்னார். "மொதல்ல காலு லேசாகும். அப்புறம் ஊருல இருக்கறவிய அத்தனை பேரும் நல்லவங்களாத் தெரிவாங்க. ஊட்டுக்கு வர்ற வழியில, பாதித் தூரத்துல அது மாறிப்போயிரும். ஏன் மாறுதுன்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. வாசல்ல கால் வெக்கறப்ப, உள்ள இருக்கறவ நம்மளை என்னமோ சொல்லிப்போட்டாங்கற மாதிரி ஒரு கோவம். பாவம், அவ ஒண்ணுமே சொல்லியிருக்க மாட்டா."

"அப்புறம்?"

ரங்கன் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அப்புறம் என்ன? ஒருக்கா காத்தால எந்திரிச்சு, மொகம் ஏண்டி இப்படி வீங்கியிருக்குதுன்னு நானே அவளைக் கேட்டேன். அவ பதிலே சொல்லல. கம்பங்களியைக் கிண்டிட்டே இருந்தா."

கருப்பண்ணன் அன்றைக்கு வீடு திரும்பும்போது மனசு கனத்துப்போய்த்தான் வந்தார். ஆனால் அடுத்த மோட்டார் வந்தபோது, கேட்டதை அப்படியே சொன்னார். பாதித் தூரத்தில் கோபம் வருவதைச் சொன்னார். காலையில் எழுந்து மனைவியைக் கேட்டதைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தானாகவே நடுங்கியது. நடிப்பு இல்லை, ரங்கன் கதை அவரை அப்படி ஆக்கியிருந்தது. அர்த்தநாரி அதை இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள் வந்தவர்கள் கைக்குட்டையை எடுத்துவிட்டார்கள். நன்றாகச் சொன்னோம் என்று கருப்பண்ணனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதை நான் சொல்லியே ஆக வேண்டும். கட்டாயத்தின் பேரில் சொன்ன பொய்யாக இருந்தால் அவரை மன்னித்துவிட்டுப் போகலாம். மனுஷன் அதில் ருசி கண்டுவிட்டார்.

பிறகு சேலத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். ஊர் ஊராக மேஜிக் லாந்தரில் படம் காட்டி மதுவிலக்கைப் பற்றிப் பேச அர்த்தநாரிக்கு ஆசை. 'முன்னால்' ஒரு படம், 'இப்போது' ஒரு படம். இப்போதைய படத்துக்குக் கருப்பண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, சாலம்மாளோடு பித்தளைக்கு முன்னால் நின்றார். முன்னால் படத்துக்குக் குடுமியை அவிழ்த்துவிட்டு, வேட்டியைக் கசக்கி, மொந்தையோடு பள்ளத்தில் படுத்தார். வேடிக்கை பார்க்க வந்த ரங்கன், "கையை அப்படி மடிச்சு வெக்காத கருப்பா, குடிச்சவன் கையி அப்படி நிக்காது," என்று திருத்தம் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். சாலம்மாள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மாரக்காளுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை, மல்லசமுத்திரத்துக்கு அந்தப் பக்கம் சின்னண்ணன் என்பவரின் மகன். சின்னண்ணனின் அண்ணன் குடித்தே செத்தவர். அதனால் குடிகாரன் வீட்டுப் பெண் மட்டும் வேண்டாம் என்று சின்னண்ணன் ஊர் ஊராக விசாரித்து, கருப்பண்ணன் பேரைக் கேட்டுத்தான் பெண் கேட்டு வந்தார். வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. வைகாசியில் முகூர்த்தம்.

பங்குனியில் சின்னண்ணன் ஊரில் மேஜிக் லாந்தர் காட்டினார்கள்.

மறுநாள் காலையில் சின்னண்ணன் வந்து நின்றார். சாலம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"பள்ளத்துல கெடக்கறது நீங்கதானுங்களே?" என்றார் சின்னண்ணன்.

"நானேதானுங்க. ஆனா நான் குடிச்சதில்லீங்க மச்சான்."

"குடிக்காதவரு எதுக்கு அங்க போய்ப் படுத்தீங்க?"

"படத்துக்காவ."

"படத்தோட சொன்ன கதை?"

"அது ரங்கன் கதைங்க. ஒரு நல்ல காரியத்துக்குன்னு சொன்னாங்க, நானும்..."

சின்னண்ணன் கோபக்காரர் இல்லை. அதனாலேயே அவர் பேசியது சுருக்கென்று தைத்தது.

"உங்களைக் குடிகாரர்ன்னு நெனச்சுட்டுத்தான் பொறப்பட்டு வந்தேன். இப்ப நீங்க சொல்றதைப் பாத்தா பொய்க்காரர்ன்னு ஆவுது. குடிச்சவனாச்சும் ஒருநாள் குடியை உட்டுப்போடுவான். உங்களை நான் எதுன்னு எடுத்துக்கறதுங்க?"

சின்னண்ணனே ஒரு வழியும் சொன்னார். மல்லசமுத்திரம் சந்தைத் திடலில் அடுத்த வாரம் கட்சிக் கூட்டம் நடக்கப் போகிறது. அங்கேயும் அந்தப் படத்தைக் காட்டுவார்கள்.

"படத்தைப் பாக்கற சனத்துக்கு முன்னால நின்னு, இப்ப எங்கிட்டச் சொன்னதைச் சொல்லுங்க. நானும் வந்து கேக்கறேன். சொல்லலீன்னா வெத்தலை பாக்கைத் திருப்பி அனுப்பிச்சறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க." இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கும்பிடு போட்டுப் போனார்.

அன்றைக்கே கருப்பண்ணன் திருச்செங்கோட்டுக்கு நடந்தார். விஷயத்தைக் கேட்டதும் அர்த்தநாரியின் முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணா, கள்ளுக்கடைக் குத்தகை எடுத்தவங்க ஆளு அந்தக் கூட்டத்துல இருப்பானுங்க. எப்படா ஒரு ஓட்டை கெடைக்கும்னு பாத்துட்டிருக்கறாங்க. மத்த ஜில்லாவுலயும் கடையை மூடலாமான்னு இப்பத்தான் பேச்சு நடக்குது. இந்த ஒரு பொய்யைப் புடிச்சுக்கிட்டு, நடந்த நெசம் அத்தனையும் பொய்யின்னு ஆக்கிப்போடுவாங்க. அப்புறம் ராமாயக்கா கதி என்னங்க?"

"என்ர மக கதி என்னங்க தம்பி?"

"வேற நல்ல எடமா நானே நின்னு முடிச்சு வெக்கறேன்."

"அவியளும் இந்தப் படத்தைப் பாத்துட்டுத்தான வருவாங்க?"

அர்த்தநாரி கருப்பண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குன்னு உங்ககிட்ட நான் எதாச்சும் கேட்டிருக்கறனாங்கண்ணா? இது ஒண்ணுதான் கேக்கறேன்," என்றார். கண் கலங்கியிருந்தது. கருப்பண்ணன் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, கேட்காத காதை அவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரம் பூராவும் கருப்பண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்தால் கடை திறந்துவிடுமோ என்று பயம். திறக்காவிட்டால் மகள் வாழ்க்கை போய்விடும். அர்த்தநாரி கெட்டவராக இருந்தால் எவ்வளவோ சௌகரியமாக இருக்கும் என்றுகூட நினைத்துப் பார்த்தார். அந்த மனிதர் ஜெயிலில் களி தின்றது யாருக்காக? நம்மைப் போன்றவர்களுக்காகத்தானே? அவர் முகத்தில் அடித்தாற்போல எப்படிப் பேசுவது? சாலம்மாளைக் கேட்டதற்கு, "என்னயக் கேட்டா படுத்தீங்க?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

கூட்டத்தன்று சந்தைத் திடலில் நல்ல ஜனம். பொழுது இறங்கியதும் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டினார்கள். மேடையில் சென்னையிலிருந்து வந்த தலைவர் ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் கிடந்த கருப்பண்ணன் ஆளுயரத்துக்குத் துணியில் விழுந்தார். ஜனங்கள் உச்சுக் கொட்டினார்கள். "இந்தக் கருப்பண்ணன் இப்போது நம் முன்னால் நல்ல மனிதராக வந்திருக்கிறார்," என்று சொல்லி அர்த்தநாரி அவரை முன்னால் அழைத்தார். அழைக்கும்போது அவர் கண்ணைக் கருப்பண்ணனால் பார்க்க முடியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் சின்னண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

கருப்பண்ணன் துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"படத்துல இருக்கறது நான்தானுங்க. ஆனா நான் குடிகாரன் இல்லீங்க. ஒருநாளும் குடிச்சதில்லீங்க. போட்டோக்குப் படுக்கச் சொன்னாங்க, படுத்தேன். கதையைச் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். கடையை மூடுனது நல்ல காரியமுங்க. அதுக்குன்னு நான் பொய் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிப்போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

முதலில் ஜனங்கள் சிரித்தார்கள். அடக்கத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் உட்காராமல் நின்றதைப் பார்த்துத்தான் சிரிப்பு அடங்கியது. உடனே பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"அப்படீன்னா கடையை மூடி ஒருத்தனும் திருந்தலீங்களா? எல்லாம் படத்துக்குப் படுத்தவங்கதானா?"

குத்தகைக்காரர் ஆள்தான். அவனைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அர்த்தநாரி தலையைக் குனிந்துகொண்டார். கருப்பண்ணன் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தவர், இதற்கு என்ன சொல்வதென்று யோசித்து வைத்திருக்கவில்லை. ராமாயியின் அடுப்பைத் தம் கையாலேயே அணைத்துவிட்டோம் என்று நினைத்தார்.

அப்போது ரங்கன் கூட்டத்துக்குள்ளிருந்து எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. மேடைக்குக்கூட வரவில்லை, இருந்த இடத்திலேயே நின்றார்.

"அந்தக் கதை என்ரதுங்க. பொஞ்சாதியை அடிச்சவன் நான்தான். திருந்துனயான்னு கேட்டா, திருந்தலீங்க. நாளைக்குக் கடையைத் தொறந்தா நாளைக்கே போய் உக்காந்துக்குவேன். என்னய எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன், தொறக்காதீங்க."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாரும் கைதட்டவில்லை. பெண்கள் நின்ற பக்கத்தில் யாரோ விம்முகிற சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலிருந்த குரலும் அதற்கப்புறம் வரவில்லை. தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொள்கிறவனிடம் என்ன வாதம் செய்ய முடியும்? மதுவிலக்கைப் பற்றி இதைவிட நல்ல பேச்சை நான் கேள்விப்பட்டதில்லை. மேடையில் இருந்தவர்களுக்கு அப்படித் தோன்றவில்லை போலிருக்கிறது. அவசர அவசரமாகப் படத்தை மாற்றச் சொன்னார்கள். துணியில் ஒரு கறவை மாடு வந்து நின்றது.

சின்னண்ணன் கூட்டம் கலைகிறவரை காத்திருந்தார். "வைகாசி முகூர்த்தம் அப்படியே இருக்கட்டுங்க மச்சான்," என்று சொல்லி, கருப்பண்ணன் வீட்டு வண்டியில் இருந்த தண்ணீரை வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அர்த்தநாரி கொஞ்ச காலம் அந்த ரோட்டில் போனால்கூட இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. கட்சிக்குள் அவருக்கு நல்ல ஏச்சு விழுந்ததாகச் சொன்னார்கள். சித்திரைக் கடைசியில் மறுபடி ஒரு மோட்டார் வந்து நின்றது. அர்த்தநாரி இறங்கினார். கூட வந்த கனவான்களிடம் ஏதோ சொல்லி அவர்களுடைய பூட்ஸைக் கழற்ற வைத்து, பள்ளத்தில் இறக்கி, ரங்கன் வீட்டுக்கு நடத்திக் கூட்டிப் போனார். கோடை மழை பெய்து அப்போதும் சேறுதான். ரங்கன் அவர்களிடம் என்ன சொன்னாரோ, அர்த்தநாரி அதை இங்கிலீஷில் என்ன சொன்னாரோ, தெரியாது. திரும்பி வரும்போது முழங்கால் வரை சேற்றோடு கருப்பண்ணன் வாசலில் நின்றார்.

"கால் கழுவத் தண்ணி குடுங்கண்ணா," என்றார். கருப்பண்ணன் ஓடிப்போய்த் தாமே மொண்டு ஊற்றினார்.

கல்யாண வேலைகள் ஆரம்பித்தன. பந்தலுக்கு ஓலை வந்தாயிற்று. கருப்பண்ணனுக்கு உடம்பே இலேசானது மாதிரி இருந்தது. சந்தைக்குப் போனால் பழையபடி மாட்டைக் கையில் கொடுக்கிறார்கள். சாலம்மாளும் முகம் கொடுத்துப் பேசுகிறாள். ஒன்று மட்டும் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மாரக்காள் சோற்றை வைத்ததும் சட்டென்று நகர்ந்து போய்க் கதவோரத்தில் நின்றுகொள்கிறாள். கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று முதலில் விட்டுவிட்டார். ஆனால் வெட்கப்படுகிறவள் தாயிடம் சிரித்துப் பேசுகிறாளே? ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டுவிட்டார்.

"ஏஞ் சாமி, உன்ர அப்பன் பேரு சுத்தமாயிருச்சு. உனக்குச் சந்தோசமில்லியா?"

"சந்தோசந்தானுங்கப்பா."

"அப்புறம் எதுக்கு அக்கட்டால போய் நிக்கற?"

மாரக்காள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். சொல்லலாமா என்று யோசிக்கிறாள் என்று தெரிந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை.

"மோட்டாருல வந்தவியகிட்ட நீங்க பேசறப்பெல்லாம் நான் உள்ள இருந்து கேட்டுட்டு இருப்பேனுங்க. அம்மாவை அடிச்சேன்னு சொல்லுவீங்க. குரலு அப்படியே நடுங்கும். அது நீங்க இல்லீன்னு எனக்குத் தெரியுமுங்க. சொன்னதெல்லாம் ரங்கன் சித்தப்பன் கதைன்னும் தெரியும். ஆனா உங்க வாயால கேட்டுக் கேட்டு, எனக்கு உங்க மேல பயம் வந்துருச்சுங்க."

கருப்பண்ணன் கையில் எடுத்த சோற்றை வட்டிலிலேயே வைத்துவிட்டார்.

"இப்பவுமா சாமி?"

மாரக்காளுக்கு அப்பனிடம் பொய் சொல்லி வழக்கமில்லை. "கொஞ்சம் இருக்குதுங்க," என்றாள்.

கருப்பண்ணன் பக்கத்திலிருந்த பலகையைத் துண்டால் துடைத்துப் போட்டார்.

"வந்து உக்காரு சாமி. சாப்புடாட்டியும் பரவால்ல, சும்மா வந்து உக்காரு."

அவள் வந்து உட்கார்ந்தாள். அவர் கை எட்டாத தூரத்துக்குப் பலகையை நகர்த்திப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தாள்.